ஒரு விடுதி, இரு படைகள்

1944ஆம் ஆண்டு. தென்கிழக்கு நைஜீரியாவில் ஓர் உறைவிடப் பள்ளி. புதிதாகச் சேர்ந்திருந்த பதின்மூன்று வயதுப் பையன், இன்னொரு பையனிடம் சோப்பை எடுத்துத் தரச் சொன்னான். தன் தாய்மொழியான இக்போவில் சொன்னான். அதற்குத் தண்டனை கிடைத்தது. அந்தப் பள்ளியில் அவன் வாங்கிய முதல் தண்டனை அது. பையனின் பெயர் சினுவா ஆச்சிபி. என்.கே. மகாலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் ‘சிதைவுகள்’ என்ற பெயரில் நாம் படித்த நாவலை எழுதியவர்.

தமிழில் பேசியதற்காக அபராதம் கட்டியவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். அதனால் இந்தச் சோப்புக் கதை நமக்குப் புதிதல்ல. ஆனால், உமுவாஹியா அரசுக் கல்லூரி என்ற அந்த உறைவிடப் பள்ளியின் விதியை வெறும் வெள்ளைக்காரத் திமிர் என்று ஒதுக்கிவிட முடியாது. இக்போ, இஜோ, எஃபிக், இபிபியோ, ஒகோனி, இன்னும் கேமரூன் எல்லைப்புறம் என்று பல மொழிக்காரப் பிள்ளைகள் அங்கே ஒரே அறையில் படுத்தார்கள், ஒரே மணியோசைக்கு எழுந்தார்கள். ஒருவன் பேச்சு இன்னொருவனுக்குப் புரியாது. தாய்மொழிகளை வாசலில் கழற்றி வைத்துவிட்டு ஆங்கிலத்தில் பேசினால்தான் ஒருவரோடு ஒருவர் பழக முடியும் என்று பள்ளி நினைத்தது. தண்டனை வாங்கிய ஆச்சிபியே பிற்காலத்தில் அந்த நியாயத்தை முழுசாக மறுக்கவில்லை.

‘ஒன்றாய் ஒளிர்க’ என்பது அந்தப் பள்ளியின் லத்தீன் முழக்கத்துக்குப் பொருள். பல இனத்துப் பிள்ளைகளில் கெட்டிக்காரர்களைப் பொறுக்கியெடுத்து ஒரே விடுதியில் வளர்த்தால் அவர்கள் அண்ணன் தம்பிகளாக வளர்வார்கள், நாளை அவர்கள் கையில் நாடு வரும்போது சண்டை இருக்காது என்பது ஒரு பழைய நம்பிக்கை. இன்றைக்கும் எங்காவது ஒரு பகுதி பற்றியெரிந்தால், அமைச்சரோ அறக்கட்டளைக்காரரோ ஒருவர் எழுந்து, அங்கே தரமான உறைவிடப் பள்ளி ஒன்று தொடங்கலாம் என்கிறார். இந்த நம்பிக்கை எந்த அளவுக்குப் பலிக்கும் என்பதை உமுவாஹியா அளவுக்குக் கடுமையாகச் சோதித்துப் பார்த்த பள்ளி வேறு இருக்குமா என்பது சந்தேகம்.

பனங்கொட்டையும் பள்ளிக்கூடமும்

பள்ளி 1929இல் தொடங்கியது. லாகோஸில் இருந்த கிங்ஸ் காலேஜைத் தொடர்ந்து, இபாதான், ஜாரியா, உமுவாஹியா என மூன்று இடங்களில் காலனி அரசு கல்லூரிகளை நடத்த முடிவுசெய்தது. இங்கிலாந்தின் ஈட்டன், ஹாரோ பள்ளிகள்தாம் மாதிரி. உமுவாஹியாவுக்கு முதல் தலைமையாசிரியராக வந்தவர் பாதிரியார் ராபர்ட் ஃபிஷர். ஊருக்கு வெளியே உமுதிகே என்ற இடத்தில் காட்டைத் திருத்தி மைதானமும் விடுதிகளும் எழுந்தன. பின்னாளில் அதற்குக் ‘கிழக்கின் ஈட்டன்’ என்றே பட்டப்பெயர் வந்தது.

அதே 1929இன் கடைசியில், அதே வட்டாரத்தில் இருக்கும் ஒலோகோ கிராமத்தில், பனங்கொட்டையிலிருந்து எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்த ந்வானியெருவா என்ற பெண்ணிடம் ஓர் ஆள் வந்து நின்றான். அரசு நியமித்த தலைவர் அனுப்பிய ஆள். வீட்டில் எத்தனை பேர், எத்தனை ஆடு என்று எண்ணிச் சொல்லச் சொன்னான். வரிக்கான கணக்கெடுப்பு இது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. உன் தாயை யாராவது எண்ணினார்களா என்று திருப்பிக் கேட்டார். அங்கிருந்து கிளம்பிய பொறி தென்கிழக்கு முழுவதும் பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டு நீதிமன்றக் கட்டடங்களை முற்றுகையிட்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். வரலாற்றில் இது ‘பெண்களின் போர்’ எனப்படுகிறது. பள்ளியின் வரலாற்றைச் சொல்பவர்கள் இதைச் சேர்த்துச் சொல்வது குறைவு. சேர்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். மகன்களில் சிலரைத் தேர்ந்தெடுத்துக் கிரிக்கெட் சொல்லிக்கொடுத்த அரசும், அந்த வட்டாரத்துத் தாய்மார்களைச் சுட்ட அரசும் வேறு வேறல்ல.

பள்ளிக்குள்ளேயே வந்த முதல் போர் அதற்குச் சம்பந்தமே இல்லாத போர். இரண்டாம் உலகப் போர் வந்ததும், கேமரூன் தோட்டங்களில் பிடிபட்ட ஜெர்மானியர்களையும் இத்தாலியர்களையும் அடைத்து வைக்க இடம் தேவைப்பட்டது. விடுதியைவிட வசதியான இடம் எங்கே கிடைக்கும்? மாணவர்களை வேறு பள்ளிகளுக்கு அனுப்பிவிட்டு இரண்டாண்டுகள் அதை முகாமாக வைத்துக்கொண்டார்கள். அப்படி இடம் மாற்றப்பட்ட தலைமுறையைச் சேர்ந்தவர் கவிஞர் கேப்ரியல் ஒகாரா.

பாடநூலைத் தொடாத மாலைகள்

போர் முடியும் தறுவாயில் தலைமையாசிரியராக வந்தார் வில்லியம் சிம்ப்சன். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். அவர் கொண்டுவந்த ஒரு விதிதான் இந்தப் பள்ளியை ஆப்பிரிக்க இலக்கிய வரலாற்றுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. வாரத்தில் மூன்று நாள், வகுப்பு முடிந்த மாலை வேளையில், எந்த மாணவனும் பாடநூலைக் கையில் எடுக்கக் கூடாது. விளையாடலாம், நூலகத்தில் நாவலோ வாழ்க்கை வரலாறோ எடுத்துப் படிக்கலாம், பத்திரிகை புரட்டலாம். பாடப் புத்தகத்தோடு பிடிபட்டால் தண்டனை. ‘பாடநூல் சட்டம்’ என்று அதற்குப் பெயர்.

நம்மூர்ப் பெற்றோரிடம் இப்படியொரு விதியைச் சொல்லிப் பாருங்கள். மறுநாளே மாற்றுச் சான்றிதழ் கேட்டு வரிசை நிற்கும். அந்தக் காலத்து உமுவாஹியாவிலும் பிள்ளைகள் தேர்வு பயத்தில்தான் வந்தார்கள். அரசு வேலை, மருத்துவம், குடும்பத்தைத் தூக்கி நிறுத்துதல் என எல்லாச் சுமையும் அந்தப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுத் தோள்களில் இருந்தது. அந்தச் சுமையை வாரத்துக்கு மூன்று மாலைகள் பள்ளியே இறக்கி வைத்தது.

விளைந்த பெயர்களைப் பாருங்கள்: ஆச்சிபி, கவிஞர் கிறிஸ்டோபர் ஒகிக்போ, எலெச்சி அமாடி, சுக்வுவெமேகா இகே, சிகே மோமா, ஐ.என்.சி. அனியெபோ, கென் சாரோ-விவா. இவர்களுக்கு முன்னவர் ஒகாரா. ஒரு நாட்டின் முதல் தலைமுறை நவீன எழுத்தாளர்களில் இத்தனை பேர், ஆண்டுக்கு ஒரு வகுப்பு நிறைகிற அளவுக்கே இடம் இருந்த ஒரு பள்ளியிலிருந்து வந்தார்கள். இது தற்செயல் அல்ல. நூலகமும் அந்த மாலைகளும்தாம் காரணம் என்று ஆச்சிபி பல இடங்களில் சொல்லியிருக்கிறார். இதைப் பற்றி டெர்ரி ஓச்சியாகா 2015இல் ஒரு முழு ஆய்வு நூலே எழுதினார்.

நூலகத்தில் இருந்தவை என்ன? டிக்கன்ஸ், ஸ்டீவன்சன், ஸ்விஃப்ட். கூடவே ரைடர் ஹாகார்டும் ஜான் பக்கனும் எழுதிய ஆப்பிரிக்க சாகசக் கதைகள். அவற்றைப் படிக்கும்போது தான் காட்டுவாசிகள் பக்கம் நிற்கவில்லை, துணிச்சலும் அறிவும் உள்ள வெள்ளைக்காரனின் பக்கமே நின்றதாகப் பிற்காலத்தில் ஆச்சிபி எழுதினார். தான் படித்த கதையில் தான் யார் என்று பிடிபடவே அவருக்குச் சில ஆண்டுகள் ஆயின. அது பிடிபட்டதன் விளைவு 1958இல் வந்த ‘சிதைவுகள்’ நாவல்.

பள்ளி முழுக்க முழுக்க ஆங்கிலேயனை வார்க்கிற அச்சாகவும் இருந்ததில்லை. 1930களில் அங்கே ஓவியம் கற்பித்த கென்னத் மரே, ஐரோப்பிய ஓவியத்தை நகலெடுக்காதீர்கள், உங்கள் ஊர்ச் சந்தையையும் திருவிழாவையும் வரையுங்கள் என்றவர். அவருடைய மாணவர்களின் படைப்புகள் 1937இல் லண்டன் ஸ்வெம்மர் கலைக்கூடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவர்களில் ஒருவர்தான் பின்னர் உலகப் புகழ்பெற்ற பென் என்வோன்வு. நாக்குக்கு ஒரு சட்டம், தூரிகைக்கு ஒரு சட்டம்! காலனிக் கல்வியை ஒரே வரியில் திட்டுகிறவர்களுக்கும் ஒரே வரியில் புகழ்கிறவர்களுக்கும் உமுவாஹியா தொல்லைதான்.

1967

1966 ஜனவரியில் ராணுவப் புரட்சி, ஜூலையில் எதிர்ப்புரட்சி. வடக்கில் ஆயிரக்கணக்கான கிழக்கத்தியர்கள், பெரும்பாலும் இக்போக்கள், கொல்லப்பட்டார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மூட்டை முடிச்சுகளோடு கிழக்கே ஓடிவந்தார்கள். ஆச்சிபியும் லாகோஸிலிருந்து தப்பி வந்தவர்தான். 1967 மே 30 அன்று கிழக்குப் பகுதியின் ராணுவ ஆளுநர் ஒஜுக்வு அதைப் பியாஃப்ரா என்ற தனிநாடாக அறிவித்தார். அதற்கு மூன்று நாள் முன்பு கூட்டாட்சி அரசின் தலைவர் கோவோன் நாட்டைப் பன்னிரண்டு மாநிலங்களாகப் பிரித்து, கிழக்கின் சிறுபான்மை இனங்களுக்குத் தனி மாநிலங்களைக் காட்டியிருந்தார். இது சாமர்த்தியமான காய்நகர்த்தல். இக்போ பெரும்பான்மையின் கீழ் இருக்க விரும்பாத ஒகோனி, இக்வெரே, இஜோ மக்களில் பலருக்கு அது ஒரு வாசலாகத் தெரிந்தது. எண்ணெய் வளத்தில் பெரும்பகுதியும் அவர்கள் நிலத்தில்தான் இருந்தது.

ஜூலையில் போர் தொடங்கியது. உமுவாஹியா விடுதி அப்படியே நடுவில் பிளந்தது.

பியாஃப்ரா படையின் தளபதி அலெக்ஸாண்டர் மாடியெபோ உமுவாஹியா மாணவர். பியாஃப்ராவை யாரும் அங்கீகரித்துவிடாதபடி உலக நாடுகளிடம் வாதாடிய நைஜீரியக் கூட்டாட்சியின் வெளியுறவுப் பொறுப்பாளர் ஒகோய் அரிக்போ, அவரும் உமுவாஹியா மாணவர். ஆச்சிபி பியாஃப்ராவின் குரலாக நாடு நாடாகப் போனார்; 1969இல் ஒகாராவும் எழுத்தாளர் சிப்ரியன் எக்வென்சியும் அவரோடு அமெரிக்கா சென்றார்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் துப்பாக்கி எடுத்த ஒகிக்போ, போர் தொடங்கிய சில வாரங்களிலேயே நிசுக்கா முனையில் மேஜராக இறந்தார். முன்னாள் ராணுவ கேப்டனான எலெச்சி அமாடியைப் பியாஃப்ரா சந்தேகப்பட்டுச் சிறையில் வைத்தது. வெளியே வந்ததும் அவர் கூட்டாட்சிப் படையில் சேர்ந்தார். ஒகோனிக்காரரான சாரோ-விவா பியாஃப்ராவிலிருந்து தப்பி லாகோஸ் போய், எண்ணெய்த் துறைமுகமான போனிக்குக் கூட்டாட்சியின் நிர்வாகியாகத் திரும்பி வந்தார்.

அக்டோபரில் எனுகு விழுந்ததும் பியாஃப்ராவின் தலைநகரமே உமுவாஹியாவுக்கு வந்தது. 1969 ஏப்ரலில் அந்த ஊரும் விழுந்தது. ஒஜுக்வுவின் பதுங்கு அறை இருந்த இடம் இப்போது தேசியப் போர் அருங்காட்சியகத்தின் பகுதி. பியாஃப்ரா பொறியாளர்கள் கையால் செய்த கவச வண்டிகளை அங்கே பார்க்கலாம். கூட்டாட்சி அரசின் முற்றுகையால் விளைந்த பட்டினியும் போரும் சேர்ந்து கொன்றவர்கள் பத்து லட்சத்திலிருந்து முப்பது லட்சம் வரை என்று கணக்குகள் வேறுபடுகின்றன. பள்ளியைக் கட்டிய பிரிட்டன் அந்தப் போரில் கூட்டாட்சி அரசுக்கு ஆயுதம் கொடுத்தது.

ஒரே விடுதிச் சோறு ஏன் இவர்களைச் சேர்த்து வைக்கவில்லை என்று கேட்பது எளிது. கேள்வியே தவறு என்று தோன்றுகிறது. சண்டை விடுதிக்குள் இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, எண்ணெய், ராணுவப் பதவி, அரசு வேலை என வெளியே இருந்தது. இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொன்னால், பள்ளி இந்தச் சண்டைக்கு வெளியே இருந்ததே இல்லை. தெற்கில் பள்ளிகள் அதிகம், வடக்கில் மிகக் குறைவு. சுதந்திரம் நெருங்கியபோது குமாஸ்தா நாற்காலி முதல் அதிகாரி நாற்காலி வரை தெற்கத்தியர்களே நிறைந்துவிடுவார்கள் என்று வடக்கு அஞ்சியது. தன் பகுதி வேலைகளில் வடக்கத்தியர்களுக்கே முன்னுரிமை என்று கொள்கை வகுத்தது. பள்ளி இடங்கள் அரிதாக இருந்ததும், அந்த அரிய இடங்கள் ஒரு பக்கமாகக் குவிந்ததும் பகைக்கு எண்ணெய் வார்த்தன. தீயை அணைக்க அனுப்பிய வாளியிலேயே கொஞ்சம் மண்ணெண்ணெய் இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்று. அந்தப் போரைப் பற்றி நமக்கு இன்று இவ்வளவு தெரிகிறது என்றால், இரண்டு தரப்பிலிருந்தும் தெரிகிறது என்றால், அதற்கு இந்த விடுதியும் காரணம். அமாடி 1973இல் தன் சிறையனுபவங்களைப் ‘பியாஃப்ராவில் சூரிய அஸ்தமனம்’ என்று எழுதினார். பியாஃப்ராவுக்குள் இருந்த இகே 1976இல் தன் போர் நாவலுக்கு ‘விடியலில் அஸ்தமனம்’ என்று பெயர் வைத்தார். எதிரெதிர்க் கரைகளில் நின்ற இரண்டு விடுதித் தோழர்களின் தலைப்பிலும் அதே சூரியன் மறைகிறது. மாடியெபோ தளபதியின் பார்வையில் எழுதினார். சாரோ-விவா 1989இல் தன் போர் நினைவுகளில் பியாஃப்ரா தலைமையைக் கிழித்தெடுத்தார். ஆச்சிபி நாற்பதாண்டுகளுக்கும் மேல் காத்திருந்து, 2012இல், இறப்பதற்குச் சில மாதங்கள் முன்னால், கூட்டாட்சித் தலைமையைக் கிழித்தெடுத்தார். சமாதானக்காரர்களை உருவாக்கத் தொடங்கிய பள்ளி, கடைசியில் சாட்சிகளை உருவாக்கியது. சாட்சிகள் சமாதானக்காரர்களுக்கு ஈடாக மாட்டார்கள். ஆனாலும் சாட்சியே இல்லாமல் முடிந்த போர்கள் எத்தனையோ.

பாடம் படித்தவர்கள் யார்?

1970 ஜனவரியில் போர் முடிந்தது. வங்கியில் எவ்வளவு போட்டிருந்தாலும் பியாஃப்ராக்காரர் ஒவ்வொருவருக்கும் இருபது பவுண்டு மட்டுமே என்றது அரசு.  எண்ணெய்ப் பணம் பெருகிய எழுபதுகளில் நாடெங்கும் புதிய பள்ளிகள் முளைத்தன. கணக்கும் அறிவியலும் கற்பிக்கத் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆசிரியர்கள் அங்கே போனது அந்தக் காலத்தில்தான். உமுவாஹியா மட்டும் மெல்லத் தேய்ந்தது. மாநில அரசின் எத்தனையோ பள்ளிகளில் ஒன்றானது.

கூட்டாட்சி அரசு போரிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் என்ன தெரியுமா? இன்னும் நிறைய உமுவாஹியாக்கள் வேண்டும் என்பது! போருக்குச் சற்று முன் 1966இல் சொகோட்டோ, வாரி, ஒக்போசி என மூன்று இடங்களில் தொடங்கியிருந்த ‘ஒற்றுமைப் பள்ளி’களைப் போருக்குப் பின் நாடெங்கும் பெருக்கினார்கள். இன்று நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. எல்லா மாநிலப் பிள்ளைகளும் சேர்ந்து வாழ வேண்டும் என்பதற்காக மாநிலத்துக்கு மாநிலம் தேர்ச்சி மதிப்பெண்ணே வேறு. ஒரு மாநிலத்துப் பிள்ளை மிக அதிக மதிப்பெண் வாங்கியும் வெளியே நிற்கும். இன்னொரு மாநிலத்துப் பிள்ளை அதைவிட வெகு குறைவாக வாங்கி உள்ளே போகும். பின்தங்கிய பகுதிக்கு இடம் ஒதுக்குவதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒற்றுமைக்காகத் தொடங்கிய பள்ளி ஆண்டுதோறும் சேர்க்கை நாளில் மாநிலங்களுக்கிடையே ஒரு சண்டையைத் தொடங்கி வைக்கிறது என்பதை மறைப்பதற்கில்லை.

2014 பிப்ரவரி 25 அன்று, யோபே மாநிலத்தின் புனி யாதியில் இருந்த ஓர் ஒற்றுமைப் பள்ளியின் விடுதிக்குள் போகோ ஹராம் தீவிரவாதக் குழு இரவில் புகுந்தது. மாணவர் 59 பேர் கொல்லப்பட்டார்கள். மாணவிகளை, வீட்டுக்குப் போய்க் கல்யாணம் செய்துகொள்ளுங்கள் என்று விரட்டினார்கள். ஏழு வாரம் கழித்துச் சிபோக்கில் 276 மாணவிகளைக் கடத்தினார்கள்; அதுவும் விடுதியிலிருந்துதான். பிள்ளைகளை வீட்டிலிருந்து எடுத்து ஓரிடத்தில் குவிப்பது அமைதிக்காலத்தில் கல்வி முறை. அமைதியில்லாத இடத்தில் அது எதிரிக்கு முகவரி எழுதிக் கொடுப்பது. விடுதிப் பள்ளிகளைப் பரிந்துரைக்கும் அறிக்கைகளில் சுற்றுச்சுவரின் உயரத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

அந்த 2014 முடிவில்தான் உமுவாஹியா பள்ளியை அபியா மாநில அரசு பழைய மாணவர்களின் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. அறக்கட்டளைக்கு ஃபிஷரின் பெயர். பழைய பெருமையை மீட்போம் என்கிறார்கள். மீட்கட்டும். ஆனால் எதை மீட்பது? வடிகட்டிச் சேர்ப்பதையா, கிரிக்கெட் மைதானத்தையா, ஈட்டன் என்ற பட்டப்பெயரையா? என்னைக் கேட்டால், அந்தப் பள்ளியில் உண்மையாகவே வேலை செய்தது ஒரு நூலகமும், அதற்குள் போக வாரத்தில் மூன்று மாலைகளும். அதற்கு நுழைவுத் தேர்வு தேவையில்லை. எந்த ஊர்ப் பள்ளியிலும் வைக்கலாம். ஒலோகோவிலும் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் வைத்தார்கள்.

மற்றப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதைச் சொன்னவரும் ஓர் உமுவாஹியா மாணவர்தான். ஒகோனி மக்களின் நிலத்தைப் பாழாக்கிய எண்ணெய் நிறுவனத்துக்கும் ராணுவ ஆட்சிக்கும் எதிராக நின்றதற்காக 1995 நவம்பர் 10 அன்று வேறு எட்டுப் பேரோடு தூக்கிலிடப்பட்ட கென் சாரோ-விவா, அதற்குப் பத்தாண்டுகள் முன்பு ‘சோசாபாய்’ என்றொரு நாவல் எழுதினார். ‘சோல்ஜர் பாய்’ என்பது தெருப் பேச்சில் அப்படி ஆகிவிட்டது. ஆங்கிலத்தைத் தவிர வேறு பேசக் கூடாது என்ற பள்ளியில் சிறந்த மாணவனாக விளங்கியவர், அந்த நாவலைத் தானே ‘அழுகல் ஆங்கிலம்’ என்று பெயரிட்ட ஒரு பேச்சில், இலக்கணத்தைக் காலடியில் போட்டு மிதித்து எழுதினார்.

கதையைச் சொல்பவன் மெனே என்ற இளைஞன். தொடக்கப் பள்ளியில் தேறியவன். மேலே படிக்க வைக்க அம்மாவிடம் காசு இல்லை. லாரியில் ஓட்டுநருக்கு உதவியாளாகச் சேர்கிறான். சீருடை மிடுக்காக இருக்கிறது என்று படையில் சேர்கிறான். யாருக்காகச் சண்டை போடுகிறோம், எதிரி யார் என்று கடைசிவரை அவனுக்குப் பிடிபடுவதில்லை. எதிரியாகப் பார்த்த அதே ஆளை இன்னொரு நாள் தன்னைக் கவனித்துக்கொள்பவனாகப் பார்க்கிறான். போர் முடிந்து ஊர் திரும்பினால், செத்தவனின் ஆவி வந்திருக்கிறது என்று ஊர் அவனைக் கண்டு அஞ்சுகிறது. படைக்குப் போகும் முன் அவன் வேலை பார்த்த லாரிக்கு ஒரு பெயர் உண்டு. ‘முன்னேற்றம்’.